டேப் ஓசையிடும் வரை

ஆண்டு மழை சராசரி சுமார் 550 மி.மீ. மட்டுமே உள்ள ஆந்திராவின் அனந்தபூர் வட்டாரத்தில் 'தண்ணீரைச் சேமியுங்கள்' என்று மேடை போட்டுப் பேசினால், ஊர் மரியாதைக்குக் கைதட்டிவிட்டு மறுநாள் இன்னொரு போர் (ஆழ்துளைக் கிணறு) போடும். 2003-ல் ஒன்றுபட்ட ஆந்திராவின் 7 வறட்சி மாவட்டங்களில் தொடங்கிய நிலத்தடி நீர்த் திட்டம் பேச்சைக் குறைத்து, அளக்கும் கருவிகளை விவசாயிகளிடமே கொடுத்தது. தடையும் இல்லை, அபராதமும் இல்லை.

மழையைத் தினமும் குறிக்க வேண்டும். நீர்மட்டம் 15 நாளுக்கு ஒருமுறை. மழைமானியை மரத்தடியில் வைத்தால் கணக்கு அங்கேயே கெட்டது. போருக்குள் இறக்கும், பேட்டரியில் இயங்கும் அளவு டேப் தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்னும். மோட்டாரை நிறுத்திய கையோடு அளந்தால் மட்டம் ஆழத்தில் காட்டும். ஊறி நிலைக்கும் வரை பொறுக்க வேண்டும். பக்கச் சுவரில் கசியும் நீர் பட்டாலும் பொய்யாக ஓசையிடும் என்பதால் இரண்டு தடவை இறக்கிப் பார்ப்பது நல்லது.

ஊரை யோசிக்கவைப்பது வாளிக் கணக்குதான். போர்க் குழாயில் பிடிக்கும் 20 லிட்டர் வாளி 10 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 7,200 லிட்டர். 1 ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். நெல்லுக்கு 1,200 மி.மீ. என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 48.5 லட்சம் லிட்டர்: நாளுக்கு 7 மணி நேர மின்சாரம் என்று வைத்தால் அந்த போர் 96 நாள் ஓட வேண்டும். 500 மி.மீ. கேட்கும் நிலக்கடலைக்கு 40 நாள் போதும். இதை அதிகாரி எழுதிக் காட்டினால் 'ஆபீஸ் கணக்கு'. வாளி பிடித்தவரே சொன்னால் எதிர்க்கேள்வி வரும், அதுவும் நல்லதே; மறுபடி அளந்து பார்த்துவிடலாம்.

ராபி (குளிர்காலப் பயிர்) விதைப்புக்கு முன் ஊர் கூடி, பூமியில் இறங்கிய நீரையும் ஒவ்வொருவரும் போட நினைக்கும் பயிரையும் நேருக்கு நேர் வைத்தது. பற்றாக்குறை என்றால் சுவரில் எழுதப்பட்டது. விதை வாங்கிய பிறகு இந்தக் கூட்டம் நடந்தால் யாரும் மாற மாட்டார்கள்.

எல்லைச் சிக்கலும் உண்டு. கணக்கு சிற்றாற்றின் நீர்ப்பிடிப்பைப் பின்பற்றுகிறது; பஞ்சாயத்து எல்லையோ ஓடையை நடுவில் வெட்டுகிறது. மேட்டு ஊர் கடலைக்கு மாறி, பள்ளத்து ஊர் நெல்லிலேயே நின்றால் மனக்கசப்பு. அதனால்தான் ஊர்க் குழுக்களுக்கு மேலே, ஓடை முழுவதற்குமான ஒரு கூட்டமைப்பு தேவைப்பட்டது.

நிதி நின்ற பின் இப்படிப்பட்ட வேலைகளில் முதலில் நிற்பது டேப்பின் பேட்டரி. அதை மாற்றும் செலவு யாருடையது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதி வைத்துவிட வேண்டும்.