‘கஅஎஎ’ என்று எழுதிய கல்

போன பங்குனியில் பெரியப்பாவை அடக்கம் செய்யக் குழி தோண்டியபோது மண்வெட்டி ஒரு கல்லில் மோதியது. இரண்டரை அடி ஆழத்தில் ஒரு பலகைக்கல், அதில் எழுத்து. அதற்குள் ஆலயத்தில் மணி அடித்துவிட்டார்கள், வீட்டிலிருந்து பெட்டி புறப்பட்டுவிட்டது. குழியை இரண்டு அடி கிழக்கே தள்ளித் தோண்டிக்கொண்டு, கல்லின் மேல் மணலைத் தள்ளி மூடிவிட்டார்கள். மறுநாள், அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். தோண்டியவர்கள் மூன்று பேர். மூவரும் மூன்று பெயர் சொன்னார்கள்.

கல்லறைகளைப் பதிவு செய்யும் வேலையில் நான் இறங்கியது அப்படித்தான்.

எங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டம் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி மணல் (காற்றில் நகரும் செம்மணல் மேடு) தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பனை, மறுபக்கம் உடைமரம், சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பழைய சுவரின் மிச்சம். மிஷனரி கால்டுவெல் 1891-இல் இறந்து இடையன்குடி ஆலயத்தில் உறங்குகிறார். அவருக்குக் கல்லும் உண்டு, வரலாறும் உண்டு. ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905-இல் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். அதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். பனையேறிகளையும் உபதேசியார்களையும் அவரவர் பேரப்பிள்ளைகள்தான் எழுதிவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்கவில்லை.

மே மாதம் முதல் சுற்று. செய்தது பாதி, கெடுத்தது பாதி. எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று பச்சரிசி மாவை எடுத்துக் கல்லின் மேல் தேய்த்தேன். படத்தில் அருமையாக விழுந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து எறும்பு வரிசை. மாவைக் கழுவி எடுக்க அரை நாள் ஆனது. பள்ளங்களில் தங்கும் மாவு ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும் என்று பிறகுதான் படித்தேன். சாக்பீஸ், கம்பித் தூரிகை, ஆசிட் எதுவும் கூடாது. சுண்ணாம்புக் காரையில் ஆசிட் பட்டால் அழுக்கோடு கல்லறையும் கரையும். இப்போது என் பையில் இருப்பவை இவ்வளவுதான்: துணி தேய்ப்பவர்கள் வைத்திருக்கும் தண்ணீர்த் தெளிப்பான், குழந்தைகளுக்கான பல்துலக்கி நான்கு, ஐஸ் குச்சிகள், நூறடி டேப், பென்சில், நோட்டு.

கைபேசியின் ஜி.பி.எஸ்ஸை நம்பியது அடுத்த தவறு. அது நான்கைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். இங்கே கல்லறைக்கும் கல்லறைக்கும் நடுவில் ஒரு மீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் பாட்டியும் சித்தப்பாவும் இடம் மாறிக் கிடந்தார்கள். தென்மேற்கு மூலைக்கல்லிலிருந்து வாசல் தூண் வரை கயிறு கட்டி, அதை அடிக்கோடாக வைத்து, ஒவ்வொரு கல்லறையும் கயிற்றில் எத்தனையாவது அடியில், கயிற்றிலிருந்து எத்தனை அடி உள்ளே என்று அளந்து கட்டம் போட்ட தாளில் குறித்தேன். மேடுகளையும் சேர்த்து 41 வந்தது. எழுத்து உள்ளவை 17.

ஆகஸ்டில் போனது வீண். தென்மேற்குக் காற்றில் தேரி நடந்து வந்து, மேற்கு வரிசையின் பாதிக் கற்களைக் கணுக்கால் உயரத்துக்கு மூடியிருந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் அத்தையோடு திண்ணையில் உட்கார்ந்து, எந்த எண் யாருடையது என்று கேட்டு எழுதினேன். மற்றவர்களெல்லாம் தலை மேற்கே, கால் கிழக்கே படுத்திருக்க, வடகோடியில் மட்டும் இரண்டு மேடுகள் தெற்கு வடக்காக இருக்கின்றன. “அவர்கள் வேதத்துக்கு வராத பெரியவர்கள். ஞானஸ்நானம் வேண்டாம் என்றாலும் பிள்ளைகள் பக்கத்தில்தான் படுப்போம் என்றார்களாம்” என்றார் அத்தை. அழகான கதை. ஆனால் மேட்டில் எழுத்து ஏதும் இல்லை. அன்றைக்குத்தான் நோட்டில் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் கல் சொல்வது, வலப்பக்கம் மனிதர் சொல்வது. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறக்கூடாது.

அந்தக் கோடு எவ்வளவு தேவை என்பது அக்டோபரில் தெரிந்தது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். நூறு வருடத்துக்கு மேல் அடித்த சுண்ணாம்பு எழுத்தை மூடிப் படலம் படலமாக ஏறியிருக்கிறது. (தம்பி முறையான ஒருவன் நான்கு கல்லறைகளுக்கு எமல்ஷன் பெயிண்டே அடித்துவிட்டான். அது பாசத்தில் செய்தது, என்ன சொல்ல முடியும்?) இந்த வருடம் எழுத்துள்ள கற்களை மட்டும் விட்டுவிடச் சொல்லி, நனைத்து ஊறவிட்டு, ஐஸ் குச்சியால் உதிர்ந்ததை மட்டும் எடுத்தேன். ஒட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன்.

பிறகு வெளிச்சம். நடுப்பகலில் எந்தக் கல்லும் பேசாது. காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல், வெயில் சாய்ந்து கல்லின் மேல் வழுக்கிப் போகும்போது பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். நிழலில் நிற்கும் கற்களுக்கு பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடியால் வெயிலைத் திருப்பினேன். அதுவும் எட்டாத இடத்தில் கறுப்புப் போர்வையைக் கல்லோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, உள்ளே டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். “கல்லறைக்கு ஆவி பிடிக்கிறாயா?” என்றார் அத்தை.

அந்தப் போர்வைக்குள்தான் 9-ஆம் எண் கல் வாய் திறந்தது. இரண்டடி நீளம், குழந்தையின் கல்லறை. பெயருக்குக் கீழே ‘கஅஎஎ’. பெயரே முதலில் பிடிபடவில்லை. நடுவில் உள்ள ‘னா’ பழைய வடிவத்தில், வால் கீழே சுழித்து இருந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளிக்குப் போன எங்களுக்கு அது ஏதோ கிறுக்கல். ஆனால் கஅஎஎ? கொத்தனார் பிழை என்றான் ஒருவன். இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. ௧௮௭௭. தமிழ் எண். 1877.

தாது வருஷப் பஞ்சத்தின் இரண்டாம் வருடம். தாது 1877 ஏப்ரலில் முடிந்து ஈஸ்வர வருடம் பிறந்தது, பஞ்சம் முடியவில்லை. கால்டுவெல் உதவி ஆயராக அபிஷேகம் பெற்றதும் அதே 1877-இல்தான். பஞ்ச காலத்தில் ஊர் ஊராகச் சபையில் சேர்ந்தார்கள் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். சேகரத்து (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த அமைப்பு) அடக்கப் பதிவேட்டை ஒரு மதியம் பார்க்கக் கிடைத்தது. 1877-க்கு வந்ததும், மரணத்தின் காரணம் எழுதும் கட்டத்தில் ‘வாந்திபேதி’ என்று ஒரு பக்கம் முழுவதும், சில இடங்களில் மேலே உள்ளதைப் போல் என்ற குறி மட்டும். அந்த ஒரு பக்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் இருக்கும் கல் ஒன்றே ஒன்று. பட்டினி வருடத்தில் ஒரு குழந்தைக்குக் கல் வெட்டக் கூலி கொடுத்த கை யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசைதான். வலப்பக்கத்தில்கூட எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

14-ஆம் எண் கல் சிரிப்பு மூட்டியது. ‘1056 ௵ தை ௴’, அதாவது 1056 வருஷம் தை மாதம், என்று தெளிவாக இருந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட பத்தாவது நிமிடத்தில், ஆயிரம் வருடத்துக் கல்லறை, தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று மாமா ஒருவர் கிளம்பிவிட்டார். அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. திருநெல்வேலிச் சீமைப் பத்திரங்களில் சாதாரணமாக வரும். ஆங்கில வருடம் கிடைக்க, ஆவணியிலிருந்து டிசம்பர் வரையானால் 824, ஜனவரிக்குப் பிறகானால் 825 கூட்ட வேண்டும். தை என்பதால் 1881. மாமா இன்னும் சமாதானமாகவில்லை.

என்னை நானே ஏமாற்றிக்கொண்டது 5-ஆம் எண்ணில். ‘மரிக்கிற…’ என்றும் ‘பாக்கிய…’ என்றும் துண்டு துண்டாகத் தெரிந்ததும், “கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் இதுமுதல் பாக்கியவான்கள்” என்று மனப்பாடத்தில் இருந்த வேத வசனத்தை அப்படியே எழுதிவிட்டேன். இரவில் படத்தை வைத்து எழுத்துகளை எண்ணினால், இடைவெளியில் நான் எழுதியவை அடங்கவில்லை. கல்லில் இருந்த வருடம் 1862. நாம் இன்று வாசிக்கும் வேதாகமத்தின் முழுப்பதிப்பு, ஹென்றி பவர் குழு திருத்திய மொழிபெயர்ப்பு, 1871-இல்தான் வந்தது. அதற்கு முன் ஃபப்ரீசியஸ், ரேனியஸ் மொழிபெயர்ப்புகள் புழங்கின. அவற்றில் சொல் வேறு. அடித்துவிட்டு, தெரிந்த எழுத்தை மட்டும் வைத்து, மீதிக்குப் புள்ளி வைத்தேன்.

ஜனவரியில் நான்காவது முறை போனேன். மேற்கு வரிசை மணலை வெறும் கையால் அள்ளி ஒதுக்கினோம். முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பெரியப்பாவின் மேட்டுக்கு மேற்கே இரண்டு அடி தள்ளி, மெதுவாக இறக்கினேன். தேரி மணல், தடையில்லாமல் இறங்கியது. இரண்டரை அடியில் டக்கென்று நின்றது. நான்கு இடத்தில் இறக்கிப் பார்த்ததில் கல்லின் நீள அகலம்கூடத் தெரிந்தது.

தோண்டலாமா என்று தம்பி கேட்டான். அத்தை என்னைப் பார்த்தார். பெரியப்பாவுக்கு இன்னும் வருடம் திரும்பவில்லை. மேட்டில் மணல்கூடச் சரியாக அமரவில்லை.

வரைபடத்தில் 42 என்று எண் போட்டேன். வலப்பக்கம் மூவர் சொன்ன மூன்று பெயர்களையும் எழுதினேன். இடப்பக்கம்: ‘கல் இருக்கிறது. படிக்கவில்லை.’