மீனில்லாத தொட்டியும் மாமியார் விட்ட மூச்சும்

எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு அப்போது ஐந்து வாரம். கல் இருந்தது, மணல் இருந்தது, பம்பு ஓடியது. மீன் மட்டும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து, கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஒளிஞ்சிருக்கா?" என்பார்கள். பாக்டீரியா முதலில் குடியேற வேண்டும், அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் அவை மாற்றப் பழகிய பிறகுதான் மீன் என்று நான் ஆரம்பித்தால் பாதியிலேயே கொட்டாவி வந்துவிடும். எங்களோடு தங்க வந்திருந்த மாமியார் கேட்பவர்களுக்கு ஒரே வரியில் முடித்துவிடுவார். "மாப்பிள்ளை தண்ணி வளர்க்கிறார்."

ஒருவழியாக அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். உப்பும் சரியாக 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு. மறுநாள் மீன் வாங்கிவிடலாம் என்றிருந்த ராத்திரி, சும்மா இருக்காமல் பிஎச் பார்த்தேன், அதாவது தண்ணீரின் அமில-காரக் கணக்கு; எண் இறங்கினால் அமிலப் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். 7.8. இருக்க வேண்டியது 8.1க்கு மேல்.

இப்போது யோசித்தால் 7.8 ஒன்றும் குடிமுழுகிப்போகிற எண் இல்லை. எத்தனையோ தொட்டிகள் அதிலேயே நன்றாக ஓடுகின்றன. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குச் சோதனைக் குழாயும் கையுமாக நிற்பவனுக்கு அந்த நிதானம் எங்கே வரும்? பிஎச் ஏற்றும் பவுடர் ஒரு ஸ்பூன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் 8.2. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் மறுபடி கீழே. இன்னொரு ஸ்பூன். இப்படியே நான்கு நாள்.

ஐந்தாம் நாள் காலை தொட்டியைக் காணோம். அதாவது தொட்டி இருந்தது, உள்ளே இருந்த கல்லும் மணலும் தெரியவில்லை. ஒரே வெள்ளை. ஹீட்டர்மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல ஒரு படிவு.

அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன், ஆல்கலினிட்டி பார்த்தேன், அதாவது பிஎச் சட்டென்று இறங்காமல் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் வகை உப்புகளின் இருப்பு. நீலம் மஞ்சளாகும்வரை சொட்டு எண்ண வேண்டும், ஒரு சொட்டுக்கு ஒரு டிகேஎச் (அதை அளக்கும் அலகு). எட்டு ஒன்பதில் மாறியிருக்க வேண்டியது பதினான்காவது சொட்டில்தான் மாறியது. (பதினொன்றில் பையன் வந்து "அப்பா, என் ஷூ எங்கே?" என்று கேட்டதால் முதலிலிருந்து எண்ணிய கதை தனி.) கால்சியமோ லிட்டருக்கு 420 மில்லிகிராமிலிருந்து 340க்கு இறங்கியிருந்தது. நான் அள்ளிப்போட்ட பவுடரின் கார்பனேட் தண்ணீரிலிருந்த கால்சியத்தோடு சேர்ந்து நிஜமாகவே சுண்ணாம்பாகிவிட்டது.

இரண்டு தடவை தண்ணீர் மாற்றி ஆல்கலினிட்டியை ஒன்பதுக்குக் கொண்டுவந்தேன். பிஎச் அதே 7.8. அப்புறம்தான் அனுபவசாலி ஒருவர் சொன்னதைச் செய்து பார்த்தேன். ஒரு மக் தொட்டித் தண்ணீரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் காற்றுக் குமிழி விட்டேன். 8.2! இன்னொரு மக்குக்கு அதையே ஹாலில் செய்தேன். 7.8.

தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. ஹாலில் ஏசிக்காக ஜன்னலை மூடிக்கொண்டு ஐந்து பேர் படுக்கிறோம். நாங்கள் விடும் மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை ஸ்கிம்மர் (காற்றுக் குமிழி விட்டுத் தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) உறிஞ்சி, ராத்திரி முழுக்க மெனக்கெட்டுத் தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறது. அது கார்போனிக் அமிலமாகி பிஎச்சை இறக்கியிருக்கிறது. நான் எத்தனை மூட்டை பவுடர் போட்டாலும் மூச்சு நிற்காதே.

கண்டுபிடித்த உற்சாகத்தில் சமையலறைக்கு ஓடி மனைவியிடம் சொன்னேன். "காரணம் தெரிஞ்சுபோச்சு! அத்தை வந்து மூச்சு விடுறதுதான் பிரச்சினை!"

நாம் ஐந்து பேரும் விடுகிறோம், ஜன்னல் மூடியிருக்கிறது, அமிலம் என்றெல்லாம் அடுத்து சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் மாமியார், கையில் காபி டம்ளருடன்.

ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டேன். இரண்டே நாளில் 8.1. இப்போது இரண்டு கோமாளி மீன்கள் ஜோராக நீந்துகின்றன. மாமியார் மட்டும் இன்றைக்கும் தொட்டியைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகிறார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், எல்லாருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை, இனிமே விடலாமா?"