டவுன் பாஸ் இறக்கத்தில் ஒரு பழைய வண்டி

லோன் பைன் பக்கமிருந்து 190-ஆம் நெடுஞ்சாலையில் கலிபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்துக்குப் போனால் டவுன் பாஸ் என்ற கணவாயைத் தாண்டியாக வேண்டும். உச்சி 4,956 அடி. அங்கிருந்து 17 மைல் தள்ளி, கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் கிடக்கிறது ஸ்டவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூர். ஏறும்போது எஞ்சின் கொதிக்கும், ஏசியை அணையுங்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏற்றம் கவலையே இல்லை. நாங்கள் போனது நண்பரின் 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில். 455 கன அங்குல எஞ்சின், எப்படியும் ஏறிவிடும். நிற்குமா என்பதுதான் பேச்சு.

சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்து ஐந்தரை டன் வரும். அதை 1,500 மீட்டர் கீழே இறக்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 22 யூனிட் மின்சாரம். காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் சேரும்.

1973 முதல் 1978 வரை மட்டுமே வந்த வண்டி இது. எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. பின்னால் குறுக்கே அச்சு கிடையாது, அதனால் தளம் தாழ்வு. மொத்தம் ஆறு சக்கரம்: முன்னால் இரண்டில் டிஸ்க் பிரேக், பின்னால் நான்கிலும் டிரம் பிரேக். சிக்கல் அந்தப் பின்பக்கத்தில்தான். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரம் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அவற்றின் நடுவே வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்திய இடத்திலிருந்து, சக்கரத்தைத் தாங்கும் ஒரு கை முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் நீள்கிறது. பிரேக் பிடித்ததும் முன்னோக்கிய கை நடுச் சக்கரத்தை (பின் ஜோடியில் முன்னது) தரையில் அழுத்தி வண்டியின் பின்புறத்தைத் தூக்கப் பார்க்கும். கடைசிச் சக்கரத்தில் பாரம் குறைந்து அது சட்டென்று லாக் ஆகும், சுழலாமல் வழுக்கும். வெறுமனே பெரிய பிரேக் வாங்கி மாட்டினால் இது தீராது. பிரேக்கின் முறுக்கைக் கையில் விடாமல், தனித் தண்டு வழியாகச் சட்டத்துக்கே கொண்டுபோகிற டிஸ்க் கிட்டுகள் இருக்கின்றன. நண்பர் இன்னும் அதில் இறங்கவில்லை. செலவு ஒருபக்கம், டிரம்மை எடுத்தால் பார்க்கிங் பிரேக்குக்கு வேறு வழி தேட வேண்டியது மறுபக்கம்.

அவர் முதலில் கைவைத்தது பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்களில். எனக்கு அது சரியென்றே படுகிறது. கழற்றிய ஒன்றை என்னிடம் காட்டினார். வெளியே ஒரு வெடிப்பு இல்லை. குறுக்கே வெட்டியதில் உள்சுவர் ஊதி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதித்தால் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. டிஸ்க்கைக் கவ்வும் பேட் அதை உரசிக்கொண்டே இருக்கும். இதை விட்டுவிட்டு, பேடை அழுத்தும் காலிப்பரைப் புதிதாக மாட்டி என்ன பயன்?

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டாட் 3 என்ற வகை ஆயிலுக்குத் தரநிலை கேட்கும் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் சேர்ந்தபின் 140. பாதி இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும். பழையதை எடுத்துவிட்டு டாட் 4 ஊற்றி, ஒவ்வொரு சக்கரமாக ஏர் எடுத்திருந்தார். டிரம்களுக்குள், உட்சுவரை அழுத்திப் பிடிக்கும் ஷூவின் இடைவெளியையும் கையால் சரிசெய்தார். பல்சக்கரத்தைத் திருப்பி, ஷூ உரசியதும் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க டிரம்கள் ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும்போது தானாகச் சரியாகும் அமைப்புதான். ஆனால் இத்தனை பெரிய வண்டியை யார் அடிக்கடி ரிவர்ஸ் எடுக்கிறார்கள்?

உச்சியில் வண்டியை என்னிடம் கொடுத்தார். மூன்றே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். எஞ்சினும் வேகத்தைப் பிடித்து வைக்க, ஆரம்பத்திலேயே செகண்ட் கியருக்கு இறக்கச் சொன்னார். முதல் வளைவிலேயே என் கால் பெடலை விட மறுத்தது.

“காலை வெச்சுக்கிட்டே வராதீங்க. நல்லா அழுத்தி வேகத்தைக் குறைங்க, உடனே விட்டுடுங்க. அது ஆறட்டும்.”

தொடர்ந்து சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். விட்டு விட்டுப் பிடித்ததில் பெடல் கடைசிவரை அதே உயரத்தில் நின்றது. பின்னால் பாத்திரம் உருண்டதற்கு நான் பொறுப்பல்ல.

ஸ்டவ்பைப் வெல்ஸில் நிறுத்தியதும் அவர் வெப்பமானித் துப்பாக்கியோடு ஆறு சக்கரத்தையும் சுற்றினார். முன்னால் இரண்டும் நல்ல சூடு, ஆனால் இரண்டும் ஒரே அளவு. இடது நடுச் சக்கரம் மட்டும் மற்ற டிரம்களைவிடக் குளிர்ச்சி, அதாவது அது வேலையே செய்யவில்லை. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம் என்றார். அதை மாற்றிய பிறகுதான் அடுத்த ஏற்றம்: 9,943 அடி டயோகா கணவாய்.