முகவரியோடு பக்கத்தையும் சேமித்து வைப்பது

பாசன ஏரிகளையும் மடைகளையும் பற்றி ஒருவர் தமது தளத்தில் பல ஆண்டுகள் எழுதிவந்தார். அந்தக் கட்டுரைகளின் முகவரிகளை உலாவியின் புத்தகக்குறிகளில் தனிக் கோப்புறையாகச் சேர்த்து வைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஒரு கட்டுரையைத் தேடிச் சென்றபோது தளமே இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட முகவரிகளில் ஒன்றும் திறக்கவில்லை. தலைப்புகள் மட்டுமே என்னிடம் எஞ்சியிருந்தன.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சேமித்துத் தரும் சேவைகளும் நிலையானவை அல்ல. கட்டுரைகளைப் பின்னர் படிப்பதற்காகச் சேமித்து வைக்க, நேட் வைனர் 2007இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான நீட்சியாக, அதாவது உலாவியோடு இணைத்துக்கொள்ளும் சிறு நிரலாகத் தொடங்கிய 'ரீட் இட் லேட்டர்', 2012இல் 'பாக்கெட்' என்று பெயர் மாறி, 2017இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் கைக்கு வந்து, 2025 ஜூலை 8ஆம் நாள் மூடப்பட்டது. பயனர்கள் தங்கள் சேமிப்புகளைத் தரவிறக்கிக்கொள்ள அவகாசம் தரப்பட்டது என்றாலும், அந்தக் கோப்பில் தலைப்புகளும் முகவரிகளும் குறிச்சொற்களும் இருந்தனவே தவிர, கட்டுரைகளின் உரை இல்லை.

ஆகவே பக்கத்தையே நம் கணினியில் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அதற்கு நான் நாள்தோறும் பயன்படுத்துவது 'சிங்கிள்ஃபைல்' என்ற கட்டற்ற நீட்சி. உலாவியின் வழக்கமான 'சேமி' கட்டளை ஒரு கோப்பையும், படங்கள் அடங்கிய ஒரு கோப்புறையையும் தனித்தனியே உருவாக்கும்; ஒன்றை நகர்த்தி மற்றொன்றை மறந்தால் பக்கம் சிதைந்துவிடும். இந்த நீட்சியோ, நாம் திரையில் காணும் நிலையிலேயே பக்கத்தை எடுத்து, படங்களையும் வடிவமைப்பையும் எழுத்துருக்களையும் உரைவடிவக் குறியீடாக மாற்றி, வலைப்பக்கங்களுக்குரிய வடிவமான எச்டிஎம்எல்லில் ஒரே கோப்புக்குள் பொதிந்துவிடுகிறது. அதனால் கோப்பு சற்றுப் பெரிதாகும். ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் எந்த உலாவியிலும் இணைய இணைப்பின்றித் திறக்கலாம். கோப்பின் தொடக்கத்தில் மூல முகவரியும் சேமித்த நாளும் குறிப்பாகப் பதியப்படுவது, பின்னாளில் மேற்கோள் காட்டுவோருக்குப் பெரும் உதவி.

தமிழ்ப் பக்கங்களைச் சேமிப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வழக்கமாகப் பக்கத்தின் தலைப்பைக் கொண்டே கோப்பின் பெயர் அமைகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கப் பரவலாகப் பயன்படும் கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே (பைட் என்பது கணினிச் சேமிப்பின் ஒரு சிறு அலகு) இடம் தருகின்றன. எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, தமிழில் 'க' மூன்று பைட்டுகளையும், 'கி' ஆறு பைட்டுகளையும் எடுத்துக்கொள்கிறது. நம் இதழ்களின் நீண்ட தலைப்புகள் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். விண்டோஸ் பைட்டுகளை எண்ணாததால் அங்கே சிக்கலின்றிச் சேமித்த சில கோப்புகள், லினக்ஸ் கணினிக்குப் படியெடுத்தபோது மறுக்கப்பட்டன. காரணம் புரிய எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. இப்போது ஆண்டு, மாதம், நாள், தளத்தின் பெயர், தலைப்பின் முதல் சில சொற்கள் என்ற வரிசையில் சுருக்கமாகப் பெயரிடுகிறேன். பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளுக்கும் நூல் விவரங்களுக்கும், மேற்கோள் விவரங்களைத் திரட்டி வைக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருள் பொருத்தமானது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவான இக்கருவியின் உலாவி நீட்சி, ஆசிரியர், இதழ், ஆண்டு ஆகியவற்றைத் தானே படித்தெடுத்துப் பக்கத்தின் படியோடு சேர்த்து வைக்கிறது. பிறரும் காண வேண்டிய பக்கமென்றால் வலைப்பக்கங்களின் படிகளைப் பொதுவில் காத்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில், அதன் நீட்சி வழியாக ஒரு படி சேர்க்கிறேன். அந்தக் காப்பகமும் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது என்பதால், என் கணினியில் உள்ள படியை அதற்காக நீக்குவதில்லை.

இந்த நீட்சிகள் நாம் பார்க்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க அனுமதி கேட்கின்றன. ஆகவே மூலநிரல் வெளிப்படையாக உள்ளவற்றையே நிறுவுகிறேன். உள்நுழைந்த நிலையில் சேமித்த பக்கத்தில் நம் பெயரும் மின்னஞ்சலும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், பிறருக்கு அனுப்புமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

காணாமற்போன அந்தத் தளத்தின் பதினொரு கட்டுரைகள் வேபேக் மெஷினில் கிடைத்தன. ஆனால் 'மேலும் காட்டு' என்ற பொத்தானுக்குப் பின்னே இருந்த மறுமொழிகள் ஒன்றிலும் இல்லை. தங்கள் ஊர் மடைகளின் பெயர்களை வாசகர்கள் திருத்தித் தந்தது அந்த மறுமொழிகளில்தான். அதனால் இப்போது மறுமொழிகள் அனைத்தையும் விரித்து, பக்கத்தின் அடிவரை சென்று பார்த்த பிறகே சேமிக்கிறேன்.