எம்ஜிபி பின் ஆக்சில்: பெயிண்ட் அடிக்கக் கொடுத்து நான் பட்ட பாடு

வண்டி 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்; சக்கரம் ஒயர் வீல், அதாவது கம்பி ஆரம் வைத்தது. பின் ஆக்சிலைக் கழற்றி இறக்கியது ஒரே சனிக்கிழமை வேலை. அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திரும்பக் கொண்டுவர நினைத்தேன். அதனால் எடுத்த எடுப்பில் கழுவவில்லை. பல வருட எண்ணெய்ப் பிசுக்கைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, மண்ணெண்ணெய் துணியால் துடைத்துக்கொண்டே போனால், அடியில் அரைப் பளபளப்பில் மெல்லிய கறுப்புப் பெயிண்ட், சில இடங்களில் வழிந்து காய்ந்த தடம் உட்பட! நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியலின் மூடிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு, சரிபார்த்தவர் வைத்த அடையாளமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டேன். நீங்களும் முதலில் போட்டோ எடுங்கள், கழுவிய பிறகு அந்தப் பொட்டு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டிஃபரன்ஷியலை வெளியே எடுக்க அதன் ஹவுசிங்கை, அதாவது வெளிக்கூட்டை, விரிக்கும் தனிக் கருவி வேண்டும், என்னிடம் கிடையாது. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததுதானே என்று அதை உள்ளேயே விட்டு, குழாயின் இரண்டு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்து, காற்று வெளியேறும் பிரீதர் துளையை டேப் போட்டு மூடி, சாண்ட் பிளாஸ்டிங் செய்யும் கடையில் கொடுத்தேன். “பிளாஸ்ட் செய்து பிரைமர் மட்டும், பவுடர் கோட்டிங் வேண்டாம்” என்று தாளில் எழுதி ஆக்சிலிலேயே கட்டியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனால் தடித்த பவுடர் கோட்டிங்கோடு பளபளவென்று தொங்குகிறது. தொங்கவிட வசதியாக இருக்கும் என்று என் மரக்கட்டைகளையும் பிடுங்கியிருக்கிறார்கள். குழாயைச் சாய்த்தால் மணல் கொட்டுகிறது. அதோடு பவுடரை உருக்க அடுப்பில் வேறு வைத்துச் சுட்டதில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் பினியன் சீல் போயே போய்விட்டது. ஆக்சில் குழாயில் அடித்திருந்த எண் பவுடருக்குள் புதைந்துவிட்டது. கேட்டால், “எல்லாரும் இதைத்தான் விரும்புகிறார்கள், பெயிண்டைவிட உழைக்கும்” என்கிறார் கவுண்டரில் இருந்தவர். தாளைக் காட்டினேன், தோளைக் குலுக்கினார். ஈடாக இன்னொரு ஆக்சில் தருகிறேன் என்றார், போய்ப் பார்த்தால் அது டிஸ்க் வீல், அதாவது தகட்டுச் சக்கர வண்டியினுடையது. ஒயர் வீல் ஆக்சில் அதைவிட நீளம் குறைவு, அவர் தந்த டிஸ்க் வீல் ஆக்சிலை மாட்டினால் டயர் மட்கார்டில் உரசும். பழைய ஆக்சில் வாங்குகிறவர்கள் டேப் வைத்து அளக்காமல் காசை எடுக்காதீர்கள்.

அப்புறம் ஹவுசிங்கை விரிக்கும் கருவி வைத்திருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய்க் கொடுத்தேன். பேரிங்குகள், சீல்கள் எல்லாம் புதிது. காந்தத்தால் அந்த மணல் வராது, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கழுவியதுதான். பவுடரை ரசாயனத்தால் உரித்து, சேஸி பிளாக் பெயிண்டை நானே பிரஷ்ஷால் மெல்லிசாக அடித்தேன். லீஃப் ஸ்பிரிங் உட்காரும் இடத்திலும் பிரேக் தட்டு பதியும் முகத்திலும் தடித்த பூச்சு இருக்கவே கூடாது. நாளடைவில் அது நசுங்கும், போல்ட்டின் பிடி தளரும்.

போல்ட்டுகளுக்குப் பழையபடி காட்மியம் முலாம் கிடைக்கவில்லை, அதற்கு இப்போது கட்டுப்பாடு. நிறம் சேர்க்காத ஜிங்க் பிளேட்டிங் பார்வைக்கு அதற்கு நெருக்கமாக வருகிறது. ஆனால் ஆக்சிலைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை அதில் போடவில்லை, புதிதாக வாங்கிவிட்டேன். முலாம் பூசும்போது அமிலத்தில் நனைந்த உறுதியான எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி, பாரம் ஏறும்போது படீரென்று உடையலாம்.

சக்கரம் உட்காரும் ஹப்பை மாட்டும்போது இடம் வலம் மாற்றிவிடாதீர்கள். வலது பக்க மரை இடதுகைத் திருகு. மாறினால் ஓடும்போதே சக்கரத்தை நடுவில் இறுக்கும் ஸ்பின்னர் நட் கழன்று சக்கரம் போய்விடும். ஹப் நட் 150 பவுண்டு-அடி, அப்புறம் ஸ்பிளிட் பின் போகும் துளை நேராக வரும்வரை இன்னும் கொஞ்சம். ஆக்சிலுக்குள் ஹைபாய்டு 90 கியர் ஆயில் 0.85 லிட்டர். பிரீதர் துளையில் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள், அது அடைத்திருந்தால் புது சீலையும் மீறி எண்ணெய் பிரேக்குக்குள் இறங்கும்.

நேற்று எண் இருந்த இடத்தைத் துணியால் துடைத்தேன். ஒவ்வொரு இலக்கமும் தெளிவாகத் தெரிகிறது. போட்டோவைப் பார்த்து அதே இடத்தில் மஞ்சள் பொட்டையும் வைத்துவிட்டேன்.