61 சென்டிமீட்டர் ஓடுபாதை

இரண்டு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் என்னிடம்தான் இருக்கிறது. 90-க்கு 65 செ.மீ. பிளைவுட் பலகை, அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஓ.எச்.பி. ஷீட்டுகள் (கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள்). இங்கிலாந்தில் நியூபரி நகரத்தை ஒட்டி இருக்கும் கிரீன்ஹாம் காமன் என்ற மூடப்பட்ட விமானத் தளத்தை 1:5000 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். கீழ்த் தாளில் 1944, நடுவில் 1983, மேலே இன்றைய நிலம்.

ரெடிங்கில் குடியிருக்கும் எங்களுக்கு அது பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனோம். மஞ்சள் பூத்த முட்புதர், சின்னச் சின்னக் குட்டைகள், கட்டாமல் மேயும் மாடுகள். நடுவில் மட்டும் அகலமான ஒரு கான்கிரீட் தரை. தள்ளி ஒரு குட்டையோரம், தீயணைப்புப் பயிற்சிக்காகச் செய்த இரும்பு விமானம் துருப்பிடித்து நிற்கிறது. இங்கே 10,000 அடி நீள ஓடுபாதை இருந்தது என்று தகவல் பலகையில் படித்ததும், அது எந்தப் பக்கம் ஓடியது என்று பார்க்க மனம் பரபரத்தது. வீட்டுக்கு வந்து பழைய வரைபடங்களைத் தேட ஆரம்பித்தேன்.

10,000 அடி என்றால் 3,048 மீட்டர். என் அளவில் 61 செ.மீ.

முதல் தாளில்தான் அதிக நேரம் போனது. காமன் என்பது, நம் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு என்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி நிலம். சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்கு அதில் மாடு மேய்க்க உரிமை உண்டு. 1941-இல் இரண்டாம் உலகப் போருக்காக அதை அரசு எடுத்துக்கொண்டது. 1944 ஜூன் 5 மாலை, நார்மண்டிக்குக் கிளம்பக் காத்திருந்த பாராசூட் வீரர்களை நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் நேரில் வந்து பார்த்தது இங்கேதான். முகத்தில் கரி பூசிய வீரர்களோடு அவர் பேசிக்கொண்டிருக்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அன்று இரவு அந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு 81 சி-47 போக்குவரத்து விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. சி-47-இன் இறக்கை அகலம் 29 மீட்டர். என் அளவில் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய விசிட்டிங் கார்டுகளில் 81 விமானம் வெட்ட இரண்டு இரவு ஆனது. வாலை வெட்டும்போது கத்தி கொஞ்சம் சாய்ந்தாலும் இறக்கை துண்டாகிவிடும். ஊசி முனையில் பசை தொட்டு ஒவ்வொன்றாக வைத்தேன். முப்பதைத் தாண்டியபோது, ஒரு விமானத்தில் ஏறக்குறைய 18 பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. அதற்கப்புறம் எண்ணிக்கொண்டே ஒட்ட முடியவில்லை.

இரண்டாவது தாளில் ஒரு தப்பு நடந்தது. பிரின்ட் எடுத்து, நான்கு ஏ3 தாள்களை ஒட்டி, முதல் தாள்மேல் வைத்தால் சாலைகள் பொருந்தவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஓடுபாதை 59.2 செ.மீ. தான் இருந்தது. 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பை எடுக்காமல் விட்டதால் பிரின்டர் மூன்று சதவீதம் சுருக்கிவிட்டது. நிஜத்தில் அந்தக் குறைச்சல் 91 மீட்டர்! திரும்ப எடுத்தேன். இந்த முறை, தளத்துக்கு வெளியே மூன்று காலத்திலும் இடம் மாறாத மூன்று சாலைச் சந்திப்புகளில் ஓட்டை போட்டுக் குண்டூசியில் கோத்தேன். அதற்குப் பிறகு அசையவில்லை. தாள் அடுக்கி எதையாவது செய்யப் போகிறவர்கள் முதலில் இந்த ஊசி வேலையை முடித்துவிடுங்கள்.

போர் முடிந்து திரும்பக் கிடைத்த நிலத்தை 1951-இல் மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். பழைய பாதைகள் போய், அமெரிக்க பி-47 குண்டுவீச்சு விமானங்களுக்காக அந்த நீள ஓடுபாதை வந்தது. 1983 நவம்பரில் அணு ஆயுதக் குரூஸ் ஏவுகணைகள் வந்து இறங்கின. மொத்தம் 96. அவற்றை வைத்திருந்த ஆறு மண்மேட்டுக் கிடங்குகளையும் களிமண்ணில் பிடித்துத் தென்மேற்கு மூலையில் வைத்திருக்கிறேன்.

வேலிக்குக் கறுப்பு நூல். ஒன்பது மைல் என்றால் என் அளவில் 2.9 மீட்டர் நூல் வேண்டும். ஏவுகணைகள் இங்கே வரக் கூடாது என்று 1981-இல் வேல்ஸின் கார்டிஃபிலிருந்து ஏறத்தாழ 120 மைல் நடந்து வந்த பெண்கள் இந்த வேலியோரம்தான் கூடாரம் போட்டார்கள். 1982 டிசம்பர் 12 அன்று 30,000 பெண்கள் கைகோத்து முழு வேலியையும் சுற்றி நின்றார்கள். நூலைக் குண்டூசிகளில் சுற்றிச் சுற்றி இழுத்தபோதுதான் அது எவ்வளவு பெரிய வளையம் என்று எனக்கு உறைத்தது. வாயில்களை அந்தப் பெண்கள் மஞ்சள், நீலம், பச்சை என்று நிறத்தின் பெயரால் அழைத்தார்கள். அதனால் அந்தந்த இடத்தில் அந்தந்த நிறப் பாசிமணி கோத்தேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வழக்கு. தளத்துக்குள் நுழையக் கூடாது என்று 1985-இல் துணைவிதிகள் போட்டார்கள். அவற்றின்படி தண்டிக்கப்பட்ட இரண்டு பெண்கள் மேல்முறையீடு செய்தார்கள். காமனில் உரிமை உள்ளவர்களைப் பாதிக்கும்படி துணைவிதி போட அமைச்சருக்கு அதிகாரம் கிடையாது, ஆகவே அந்த விதிகள் செல்லாது என்று 1990-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அத்தனை கான்கிரீட்டுக்கும் அடியில் மாடு மேய்க்கும் உரிமை உயிரோடுதான் இருந்திருக்கிறது! ஐசனோவர் படத்தைத் தேடி வருகிறவர்கள் இந்தத் தீர்ப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வகை ஏவுகணைகளை ஒழிக்க அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போட்ட 1987 ஒப்பந்தத்தின்படி 1991-இல் கடைசி ஏவுகணையும் போனது. அடுத்த ஆண்டு அமெரிக்கர்களும் போனார்கள். ஓடுபாதையை உடைத்தார்கள், அந்தக் கான்கிரீட் நியூபரி புறவழிச் சாலைக்கும் பயன்பட்டது. 2000-இல் வேலியை எடுத்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் இப்போது பார்வையாளர் மையம். உள்ளே டீக்கடையும் உண்டு.

இப்போது மூன்றாவது தாளில் இருக்கிறேன். சுற்று வேலி இல்லை. கிடங்குகளைச் சுற்றி மட்டும் நூல் உண்டு, ஏனென்றால் அங்கே வேலி இன்றும் நிற்கிறது. எல்லாம் பச்சை என்று ஒரே வண்ணத்தை அடித்துவிட்டேன், அது சரியில்லை. அங்கே இயற்கையான மண் அமிலத் தன்மையுள்ள சரளை. கான்கிரீட் கிடந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு இறங்கியிருப்பதால், சுண்ணாம்பு மண்ணை விரும்பும் செடிகள் அங்கே வளர்கின்றன. போன வாரம் திரும்பப் போய்க் கோபுரத்தின் மேலேறிப் பார்த்தேன். புதர்க்காட்டுக்கு நடுவில் வெளிறிய பட்டை ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. பச்சையில் கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையும் கலந்து, அந்த 61 செ.மீ. பட்டையைத் திரும்ப அடித்தேன்.

மாடுகள்தான் பாக்கி. இந்த அளவில் ஒரு மாடு அரை மில்லிமீட்டர், வெட்டவே முடியாது. சமையலறையில் தேடியதில் கறுப்புக் கசகசா கிடைத்தது. நிஜ மாட்டைவிட இரண்டு மடங்கு பெரிது, பரவாயில்லை. இதுவரை பன்னிரண்டை ஒட்டியிருக்கிறேன், எல்லாவற்றையும் ஓடுபாதையின் மேலேயே.