யார் வீட்டுப் பிள்ளை? 103-ஆம் சங்கீதத்தோடு அரைமணி நேரம்

புதிதாக ஒருவர் வீட்டுக்கு வந்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள் எடுத்தவுடன் பெயரைக் கேட்க மாட்டார்கள். "எந்த ஊருப்பா? யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ சொன்ன பிறகுதான் "அட, அப்படியா, உட்காரு" என்ற வார்த்தை வரும். வேதாகமத்தின் 103-ஆம் சங்கீதமும் இந்த வரிசையில்தான் போகிறது. தேவன் யார் என்பதை முதலில் சொல்லி, நான் யார் என்பதை அதற்குள்ளிருந்து எடுக்கிறது. சபைகளில் துதி ஆராதனையை ஒரு தலைப்பாகவும் "கிறிஸ்துவுக்குள் நம் அடையாளம்" என்பதை வேறொரு தலைப்பாகவும் வைத்துப் பேசுகிறோம். இந்தச் சங்கீதத்தில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன.

மொத்தம் 22 வசனங்கள். ஒரு விண்ணப்பம்கூட இல்லை. "தாரும்", "கேட்டருளும்" என்ற சொற்களைத் தேடினாலும் கிடைக்காது. "ஸ்தோத்திரி", "ஸ்தோத்திரியுங்கள்" என்ற கட்டளை ஏழு தடவை வருகிறது: முதல் இரண்டு வசனங்களில் மூன்று, கடைசி மூன்று வசனங்களில் நான்கு. இடையில் உள்ள 17 வசனங்களில் கட்டளையே கிடையாது. முழுக்கக் காரணங்கள். நம் ஆராதனை வேளைகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. "கைகளை உயர்த்துங்கள், சத்தமாய்த் துதியுங்கள்" என்று இருபது தடவை சொல்கிறோம். எதற்காக என்று ஒரு தடவை சொல்கிறோம். காரணம் தெரியாமல் எழும்பும் துதி, கீபோர்டு நின்றவுடன் தானும் நின்றுவிடும்.

ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அடங்கிய கைப்பிரதிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஜெபிக்கவே வார்த்தை வராத எத்தனையோ பேருக்கு அது வாய் திறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்தோத்திரத்துக்கு 3 விநாடி என்றால் ஆயிரத்துக்கு 50 நிமிடம். "என் பாவங்களை மன்னித்தவரே ஸ்தோத்திரம்" என்பதற்கும் அதே 3 விநாடிதான். எந்தப் பாவம் என்று மனது நினைப்பதற்குள் உதடு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆயிரத்தில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தச் சங்கீதம் காட்டுகிறது.

அந்த ஐந்தும் 3 முதல் 5 வரையுள்ள வசனங்களில் இருக்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பில் "மன்னித்து, குணமாக்கி, மீட்டு, முடிசூட்டி" என்று வினையெச்சமாக ஓடி, "திருப்தியாக்குகிறார்" என்று முடிகிறது. அழகான தமிழ்தான். எபிரெயத்தில் இவை ஐந்தும் தனித்தனிப் பெயர்கள் போல நிற்கின்றன: மன்னிக்கிறவர், குணமாக்குகிறவர், மீட்கிறவர், முடிசூட்டுகிறவர், திருப்தியாக்குகிறவர். அப்படி ஐந்தாகப் பிரித்து வாசித்துப் பாருங்கள். அவருடைய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நம்முடைய பெயர் ஒன்று தானாக வந்து நிற்கும். மன்னிக்கிறவருக்கு எதிரே மன்னிக்கப்பட்டவன். மீட்கிறவருக்கு எதிரே மீட்கப்பட்டவள்.

இதில் "மீட்கிறவர்" என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். எபிரெயத்தில் அது கோயேல். ரூத் புத்தகத்தில், களத்துமேட்டில் நடுராத்திரியில் ரூத் தன் புருஷன்வழி உறவினரான போவாசிடம் "நீர் சுதந்தரவாளி" என்கிறாளே, அங்கே இருப்பதும் இதே சொல்தான். ஒருவன் ஏழையாகித் தன் நிலத்தை விற்றுவிட்டால், அதைத் திரும்ப மீட்க வேண்டியவன் அவனுடைய நெருங்கிய இனத்தான் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. ஊரில் உள்ள எந்தப் பணக்காரனும் வந்து செய்துவிட முடியாது, உறவு வேண்டும். ஆகவே "உன் பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்கிறவர்" என்று துதிக்கும்போது, "நீர் எனக்கு உறவு, அந்த உரிமையோடு வந்து என்னை மீட்டீர்" என்று சொல்கிறோம். புதிய ஏற்பாடு "வார்த்தை மாம்சமானார்", அதாவது தேவன் நம்மைப்போல மனிதரானார் என்று சொல்லும்போது இந்த உறவு முழுமையாகிறது. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் இங்கேயே தொடங்கிவிட்டது.

13-ஆம் வசனத்தில் அது வெளிப்படையாகவே வருகிறது: "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல". இங்கே "இரங்குதல்" என்று வரும் எபிரெயச் சொல்லும், கர்ப்பப்பையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை. தகப்பனைப் பற்றிய வசனத்துக்குள் தாயின் வயிறு ஒளிந்திருக்கிறது. கண்டிப்பான அப்பாவிடம் வளர்ந்தவர்களுக்கு "பிதாவே" என்று கூப்பிடுவது தடுமாற்றமாக இருக்கும். அவர்கள் இந்த வசனத்தில் ஒரு வாரம் தங்கலாம். அவசரம் இல்லை.

அதற்கடுத்த வசனம் "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்கிறது. 4-ஆம் வசனத்தில் முடிசூட்டப்பட்ட அதே ஆள் 14-ஆம் வசனத்தில் மண். அடையாளத்தைப் பற்றிய பிரசங்கங்களில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான். கிரீடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் "நான் ராஜாவின் பிள்ளை, எனக்குத் தோல்வி கிடையாது" என்ற பேச்சு வரும். முதல் தோல்வியில் விசுவாசமும் சேர்ந்து உடையும். மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் "நான் ஒன்றுமில்லை, வெறும் தூசி" என்று சொல்லிச் சொல்லியே மன்னிப்பை வாங்கிக்கொள்ளாமல் இருப்போம். அவர் நம்மை மண் என்று அறிந்தே முடிசூட்டுகிறார் என்பதால், அந்தக் கிரீடத்தைக் காப்பாற்றும் வேலை நம்முடையதாக இல்லை.

இனி செய்முறை. 30 நிமிடம், ஒரு வேதாகமம், ஒரு சாதாரண நோட்டு, பேனா. செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமச் செயலியில் வாசித்தால் மேலே வந்து விழும் அறிவிப்புகள் சங்கீதத்தைத் துண்டாக்கிவிடும். முதல் 5 நிமிடம் 1, 2 வசனங்களைச் சத்தமாக, உங்கள் காதுக்குக் கேட்கும்படி வாசியுங்கள். "என் ஆத்துமாவே" என்று தன்னைத்தானே கூப்பிடும் வசனம் இது. பொது மொழிபெயர்ப்பில் "என் உயிரே" என்று இருக்கிறது. மூலச்சொல்லான நெஃபெஷுக்குத் தொண்டை என்ற பொருளும் உண்டு, ஆகவே வாய்விட்டுச் சொல்வது பொருத்தம். ஆத்துமாவுக்குக் கட்டளை கொடுக்க வேண்டியிருப்பதன் காரணம் இரண்டாம் வசனத்திலேயே இருக்கிறது: "மறவாதே". அது மறக்கும். காலையில் எழுந்தவுடன் மனது தானாகத் துதிக்கும் என்று காத்திருக்கிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

அடுத்த 10 நிமிடம் அந்த ஐந்து பெயர்களுக்கு. ஒரு பக்கத்தில் ஐந்தையும் இடைவெளி விட்டு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கடந்த ஏழு நாட்களில் நடந்த ஒன்றைக் குறியுங்கள். பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "சுகம் தந்தீர்" என்பதைவிட "செவ்வாய் ராத்திரி 2 மணிக்குப் பிள்ளையின் காய்ச்சல் 102-லிருந்து 99-க்கு இறங்கியது" என்பது நிற்கும். மன்னிப்பின் கீழ் எழுதும்போது பாவத்தை அதன் பெயரோடு எழுதுங்கள்: "தங்கையிடம் பணம் இல்லை என்று பொய் சொன்னேன்". நோட்டு யார் கைக்காவது போகும் என்ற பயம் இருந்தால் முதலெழுத்துகள் போதும். ஏதாவது ஒரு பெயரின் கீழ் எழுத ஒன்றும் வரவில்லை என்றால் வெறுமையாக விட்டுவிடுங்கள். இல்லாததை ஜோடித்து எழுத வேண்டாம். அடுத்த வாரம் அந்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள்.

"உன் நோய்களையெல்லாம் குணமாக்கி" என்ற இடத்தில் பலருக்கு மனம் நோகும். டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர் இதை எப்படி வாசிப்பது? சங்கீதமே 15-ஆம் வசனத்தில் மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பானவை என்று சொல்கிறது. எழுதியவர் சாவை மறந்துவிட்டு எழுதவில்லை. குணமாகும் ஒவ்வொரு நோயும் அவரால் குணமாகிறது. முழுக் குணம் உயிர்த்தெழுதலில். இந்த வரியைக் காட்டி, நோயாளியிடம் "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று யாராவது சொன்னால், அவர்கள் பாதிச் சங்கீதத்தைத்தான் வாசித்திருக்கிறார்கள்.

மூன்றாவது பகுதி 6 முதல் 18 வரை. அதுவரை "உன்" என்று இருந்தது இங்கே "நம்" என்று மாறுகிறது. "ஒடுக்கப்படுகிற யாவருக்கும்" என்று அந்தப் பகுதி ஆரம்பிப்பதைக் கவனியுங்கள். ஆகவே இந்த 10 நிமிடத்தில் மற்றவர்களின் நன்மைக்காகத் துதியுங்கள்: பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த வேலை, உங்களோடு பேசாதவரின் மகள் கல்யாணம். இங்கேதான் நோட்டு கனக்க ஆரம்பிக்கும். 8-ஆம் வசனத்தில் வரும் "நீடிய சாந்தமும், மிகுந்த கிருபையுமுள்ளவர்" என்ற வாசகம் யாத்திராகமம் 34-லிருந்து வருகிறது. இஸ்ரவேல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்த பிறகு, உடைந்த கற்பலகைகளுக்குப் பதிலாகப் புதியவை எழுதப்படும் நாளில் தேவன் தம்மைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் அவை. ஜனங்கள் மிகக் கீழே விழுந்திருந்த சமயத்தில்தான் தம்முடைய பெயரை விளக்கிச் சொன்னார்.

அடையாளம் என்பது இங்கே ஒரு ஜனத்தின் அடையாளம். 1 பேதுரு 2:9-ஐ நாம் சட்டம் போட்டு மாட்டுகிறோம்: "தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி, ராஜரீகமான ஆசாரியக்கூட்டம், பரிசுத்த ஜாதி". தமிழில் "நீங்கள்" என்பது ஒருவருக்கு மரியாதையாகவும் வரும் என்பதால் அதைத் தனி ஆளுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். கிரேக்கத்தில் அது சந்தேகமில்லாமல் பன்மை. "ஜாதி" என்று மொழிபெயர்த்த சொல்லுக்கு அங்கே தேசம், மக்களினம் என்று பொருள். இந்த வசனத்தை வாசித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் ஜாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிற சபைகள் நம் நாட்டில் இன்றும் இருக்கின்றன. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பிறப்பைவிடப் பெரிய அடையாளம் கிடைத்தது என்று ஞாயிறு பாடிவிட்டு, திங்கட்கிழமை பெண் பார்க்கும்போது பழைய அடையாளத்தைக் கேட்டால், எந்தத் தகப்பனின் பிள்ளைகள் என்று பதில் சொல்லப்போகிறோம்? அந்த வசனமே இந்த அடையாளம் எதற்கு என்றும் சொல்கிறது: அந்தகாரத்தினின்று வரவழைத்தவருடைய புண்ணியங்களை அறிவிக்கும்படிக்கு. துதிப்பதற்காகவே ஒரு ஜனம்.

கடைசி 5 நிமிடம் 19 முதல் 22 வரை. தூதர்கள், சேனைகள், சகல கிரியைகள் என்று விரிந்து, மறுபடியும் "என் ஆத்துமாவே" என்று உங்களிடமே வந்து நிற்கும்.

இன்னொரு தவறு, துதியை விலையாக்குவது. யூதாவின் ராஜா யோசபாத் யுத்தத்தில் பாடகரை முன்னே நிறுத்தினார், ஜெயம் வந்தது. ஆகவே துதித்தால் காரியம் நடக்கும் என்கிறோம். 2 நாளாகமம் 20-ஐ முழுதாக வாசித்தால், "இந்த யுத்தம் உங்களுடையதல்ல" என்ற வாக்கு 15-ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது; பாடகர் வருவது 21-இல். துதி வாக்குக்குப் பதிலாக எழுந்தது. பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள், கதவுகள் திறந்தன, அவர்கள் ஓடிப்போகவில்லை. கதவைத் திறக்கத்தான் பாடினார்கள் என்றால் ஏன் உள்ளேயே இருந்தார்கள்?

துதிக்கவே முடியாத நாட்களும் வரும். அன்று 103-ஐ மூடிவைத்துவிட்டு 42-ஐத் திறங்கள். அங்கேயும் சங்கீதக்காரர் தன் ஆத்துமாவோடுதான் பேசுகிறார், ஆனால் "நீ ஏன் கலங்குகிறாய்?" என்று. "இன்னும் அவரைத் துதிப்பேன்" என்பதில் உள்ள "இன்னும்" போதும் அன்றைக்கு. அதுவும் கூடவில்லை என்றால் 88 இருக்கிறது. கடைசி வரி வரைக்கும் இருட்டு. அதையும் வேதத்தில் வைத்தவர் உங்கள் மௌனத்தைக் குற்றமாக எண்ண மாட்டார்.

லேவியராகமம் 7-இல் ஸ்தோத்திரபலிக்கு ஒரு விதி உண்டு. எண்ணெயில் பிசைந்த அதிரசங்களும் எண்ணெய் பூசிய அடைகளும், புளித்த மாவில் செய்த அப்பங்களும் படைக்க வேண்டும். மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும்; விடியும்வரை ஒன்றும் மிஞ்சக்கூடாது. நேர்ந்துகொண்டு செலுத்தும் பொருத்தனைபலியை மறுநாளும் சாப்பிடலாம், நன்றி சொல்லும் பலியை மட்டும் அப்படி வைக்கக்கூடாது. ஒரு வீட்டார் மட்டும் உட்கார்ந்து ஒரே நாளில் தின்று தீர்க்கிற அளவா அது? நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். எபிரெயர் 13-இல் "உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி" என்று 15-ஆம் வசனம் சொன்ன கையோடு, 16-ஆம் வசனம் நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்கிறது. மறுபடியும் அதே "மறவாதே". ஆகவே நோட்டை மூடும் முன், அன்றைக்குள் எதையாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஒருவருடைய பெயரைப் பக்கத்தின் அடியில் எழுதிவிட்டு எழுந்திருங்கள்.